பனி படுக்கும் மனையும் தை மாதப் பத்திரமும்: கடலூர், புதுவையில் வீடு தேடுவோர் செய்யும் தவறுகள்

தை பிறந்துவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் மனை பார்க்க வருவோரின் கூட்டம் பெருகிவிடும். மார்கழியில் நல்ல காரியம் கூடாது என்று ஒத்திப்போட்டவர்கள் அனைவரும் பொங்கல் முடிந்த கையோடு முன்பணத்துடன் கிளம்புகிறார்கள். வாங்குவோருக்காக மனையையும் வீட்டையும் பார்த்துச் சொல்லும் கட்டடப் பொறியாளன் நான். ஆண்டுதோறும் ஆட்கள்தாம் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றைச் சரிபாருங்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். ஓர் இடத்தின் காற்று, ஈரம், உப்பு, வெயில், பனி ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. கடலூர் என்றோ புதுவை என்றோ ஒரே தட்பவெப்பம் கிடையாது. இரண்டு கிலோமீட்டருக்குள் அது மாறிவிடும்.

காலைப் பனியில் மயங்கி மனை வாங்குவது

நான் பார்த்தவற்றுள் மிக அதிகமாகச் செலவு வைத்த தவறு இதுதான். இதை எத்தனை பேரிடம் எடுத்துச் சொன்னாலும் அடுத்த தையில் இன்னொருவர் வந்து அப்படியே செய்வதைப் பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தரகர்கள் இப்போது விடியற்காலையிலேயே மனை காட்ட அழைத்துச் செல்கிறார்கள். வயலை நிரவிப் போட்ட மனைப்பிரிவில், இடுப்பளவு வெண்பனி படுத்திருக்க, தொலைவில் பனைமரத் தலைகள் மட்டும் தெரிய, பறவைச் சத்தம் கேட்கும் நேரத்தில் நிற்பவருக்கு, "ஊட்டி மாதிரி இருக்குல்ல சார்?" என்ற ஒரு வார்த்தை போதும். சதுர அடிக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் அவர் ஆயத்தமாகிவிடுவார்.

கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு தம்பதியர், பாகூர்ப் பக்கம் அப்படி ஒரு மனையைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பனி சூழ்ந்த குன்றுப் பகுதிகளுக்கு இருக்கும் மதிப்பை அவர்கள் அறிந்தவர்கள். கடலோரம் என்றால் பனி கடலிலிருந்துதான் வரும், அது இடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு அந்த ஊருக்குச் சரி. அங்கே கடல்நீர் கோடையிலும் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த நீரின் மேல் தவழ்ந்து பனியாகிக் கரையேறுகிறது. அதனால்தான் ஜூலை, ஆகஸ்டில்கூட அங்கே ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. நம் வங்கக்கடலோ தை மாதத்திலும் ஏறத்தாழ 26 டிகிரி வெதுவெதுப்புடன் கிடக்கிறது. அந்த நீர் தன்மேல் வரும் காற்றைக் குளிர்விக்காது. ஆகவே அந்த வகைக் கடற்பனி இங்கே உருவாக வழியில்லை.

நம் பனி தரையில் பிறப்பது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் ஊறிக் கிடக்க, மேகமற்ற, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதன்மேல் கிடக்கும் காற்றும் குளிர்ந்து கனத்து, நீர் ஓடுவது போலவே பள்ளம் நாடி இறங்குகிறது. பள்ளத்தில் ஈரமும் மிகுதி என்பதால் அங்கேதான் பனி முதலில் கட்டுகிறது, அங்கேதான் எட்டு மணி வரையில் விலகாமல் நிற்கிறது. கடற்கரையில் நிற்பவருக்கு அந்த அளவு பனி தெரியாது. ஏரி, வாய்க்கால், நெல்வயல், ஆற்றுப்படுகை ஆகியவற்றை ஒட்டியே அது அடர்ந்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், தையில் பனி படுக்கும் இடமும் கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றே.

அந்தத் தம்பதியருடன் மனையைப் பார்க்கச் சென்றபோது அவர்கள் பனியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்து வயலின் பழைய மோட்டார்க் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். மோட்டார் சிமெண்டு மேடை ஒன்றின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டர்ப் பெட்டியோ கைக்கு எட்டும் வழக்கமான உயரத்தில் இல்லாமல், ஒருவர் படிக்கல்லின்மேல் ஏறி நின்று தொடவேண்டிய உயரத்தில் சுவரில் அறையப்பட்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே முள்வேலிக் கம்பியின் இரண்டாம் வரிசையில் காய்ந்த ஆகாயத்தாமரை வேர்கள் தாடி போலத் தொங்கின. மனையெங்கும் கோரை முளைத்திருந்தது. மாடு ஓட்டிவந்த ஓர் அம்மாளிடம் மழைக்காலத்தில் இங்கே எப்படி இருக்கும் என்று கேட்டேன். "ஐப்பசி பொறந்தா மாட்டையெல்லாம் மேட்டுத் தெருவுக்கு ஓட்டிடுவோம் தம்பி, இங்க எங்க நிக்கிறது?" என்றார். இவ்வளவையும் அவர்களிடம் சொன்னேன். கிராவல் அடித்து உயர்த்திவிடலாம் என்று தரகர் சொன்ன சொல்லே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது.

உயர்த்தவும் செய்தார்கள். மனை விலையில் பாதிக்கு மேல் கிராவலுக்கே போயிற்று. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து தென்பெண்ணை பொங்க, கடலூரின் தாழ்வான பகுதிகளும் பாகூரின் ஆற்றோர ஊர்களும் மூழ்கின. அவர்களுடைய வீட்டுக்குள் நீர் ஏறவில்லை, உண்மைதான். ஆனால் தெரு உயரவில்லை, கழிவுநீர்த் தொட்டி உயரவில்லை, மின்மாற்றி உயரவில்லை. வீடு தீவாக நிற்க, மாடியில் தண்ணீரின்றி, விளக்கின்றி, வெளியேறவும் வழியின்றி இருந்தார்கள். மனையை உயர்த்துவதால் ஒருவருடைய தரை உயரும். ஊரின் பள்ளம் உயராது. அடிக்கும் கிராவல் பக்கத்து மனைக்காரரின் முற்றத்தில் நீரைத் தள்ளிவிடுவதால் அக்கம்பக்கத்துப் பகையும் கூடவே வந்து சேரும்.

பனியைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கத் தெரிந்தால் அது காசில்லாத மட்டக்கருவி. தையிலோ மாசித் தொடக்கத்திலோ, காற்றில்லாத ஒரு விடியலில், சூரியன் எழுமுன் அருகிலுள்ள பாலத்தின்மேலோ மொட்டைமாடியிலோ ஏறி நின்று, வெள்ளைப் படலம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அந்த விளிம்பு ஏறத்தாழ நிலத்தின் சமமட்டக் கோடாகவே, அதாவது ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடாகவே, ஓடும். விளிம்புக்கு மேலே இருக்கும் தெருவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் பார்த்ததை நம்பிவிடாமல் வேறொரு நாளும் பாருங்கள். போகியன்று பார்த்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது டயர்ப் புகை. மேட்டு நிலம் தேடுவோருக்குக் கடலூரில் கேப்பர் மலையும் புதுவையில் கோரிமேடு, லாஸ்பேட்டைப் பகுதிகளும் இருக்கின்றன. செம்மண் நிலம், நீர் வடிந்துவிடும். அங்கும் மழைநீர் அரித்தோடும் ஓடைத் தடத்தை ஒட்டி மனை வாங்கினால் மேட்டின் பயன் கிடைக்காது.

தைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து மெச்சுவது

மழை முடிந்த கையோடு நிலத்தடி நீர் மட்டம் ஆண்டிலேயே உயர்ந்தும், உப்பு ஆண்டிலேயே குறைந்தும் இருக்கும். அப்போது ஆழ்துளைக் கிணற்று நீரை ருசி பார்த்துவிட்டு "தண்ணி தேங்காத் தண்ணி மாதிரி" என்று முன்பணம் கொடுத்தவர்கள், வைகாசியில் அதே குழாயில் கரிக்கும் நீரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். கடலோரத்தில் நன்னீர் உறிஞ்சப்படும் அளவுக்கு உப்புநீர் உள்ளே நகர்கிறது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 2,000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் சொல்கிறது. இதை வைகாசி, ஆனியில் அளக்க வேண்டும். வேறு பருவத்தில்தான் வாங்க நேர்கிறது என்றால், பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாயின் மூக்கைப் பாருங்கள்; வெள்ளைக் காறை எவ்வளவு படிந்திருக்கிறது என்பது ஆண்டு முழுவதுக்குமான கணக்கு.

கடலுக்கு அருகே என்றால் குளிர்ச்சி என்று எண்ணுவது

பாதி உண்மை. சித்திரை, வைகாசியில் கடற்காற்று நண்பகலை ஒட்டி எழுந்துவிடும் நாளில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வெப்பம் சில டிகிரி குறைவாக இருக்கும்; பண்ருட்டிப் பக்கம் அந்தக் காற்று போய்ச் சேரும்போது மாலையாகிவிடும். ஆனால் மேற்கத்திக் காற்று வலுக்கும் ஆனி, ஆடியில் கடற்காற்று இரண்டு மூன்று மணி வரை தாமதமாகும், சில நாள்களில் வராமலே போகும். அன்று கடலை ஒட்டிய தேவனாம்பட்டினமும் தீயாகத்தான் இருக்கும். இரவிலோ, கடலோரம் புழுங்கும். துவைத்த துணி மறுநாளும் நசநசக்கும், உப்பு ஜாடி கசியும், பீரோவில் புத்தகத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். மாலை ஆறு மணிக்கு வந்து, காற்று வாங்கிக்கொண்டே வீட்டைப் பார்ப்பவர்கள் இதில் எதையும் அறிவதில்லை. பிற்பகல் நான்கு மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். முடிந்தால் இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் சற்று நேரம் நில்லுங்கள்.

கடற்கரையிலிருந்து இரண்டாம், மூன்றாம் வரிசையில் வாங்குவோர், முன்வரிசையில் இன்று காலியாக இருக்கும் மனையில் நாளை நான்கு மாடி எழும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

உப்புக்காற்றை மறந்து கட்டுவது, அல்லது மறந்து கட்டியதை வாங்குவது

கடலோரச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கான்கிரீட்டை "கடுமை" என்னும் பிரிவில் வைக்கும் ஐ.எஸ். 456 : 2000 என்னும் இந்தியக் கான்கிரீட் தரநிர்ணயம், அதற்குக் குறைந்தது எம் 30 தரக் கலவையும் கம்பிக்கு 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. கடலலையின் சாரல் படும் இடத்துக்கு அது 50 மி.மீ. நம் மேஸ்திரிகள் உள்ளூரில் பழகிய 20, 25 மி.மீ. கவர் பிளாக்கையே கடலோர முத்தியால்பேட்டையிலும் வைக்கிறார்கள். உப்பு உட்புகுந்து கம்பி துருவேறினால், துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து நெம்ப, காறை பெயர்ந்து விழும். பழைய வீடு வாங்குவோர் புதுச் சுண்ணாம்பை நம்பாமல், பால்கனியின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். கம்பி ஓடும் வழியில் நேர்கோடாக விரிசல் இருந்தால், அது பூச்சு விரிசல் அன்று. ஏசியின் வெளிப்பெட்டியில் அலுமினியத் தகடுகள் பொடிந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே அந்தத் தெருவுக்கு உப்பு எவ்வளவு வருகிறது என்பது விளங்கிவிடும்.

துறைமுக வாய்க்கு வடக்கே "கடற்கரை மனை"

1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் வடக்கே கரை அரித்தது, தெற்கே மணல் சேர்ந்தது. கடலருகே எங்கே கட்டத் தடை என்று காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

கிழக்கே முழுச் சுவருக்குக் கண்ணாடி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலின் காற்றை இங்கே இருந்து பார்த்தவர்கள் அப்படி வைக்கமாட்டார்கள்.

காற்றில்லாத இரவில் முகர்ந்து பார்க்காதது

பனி கட்டும் அதே அசைவற்ற இரவுகளில் புகையும் நாற்றமும் மேலே எழ வழியின்றித் தரையோடு கிடக்கும். தொழிற்பேட்டைக்கோ குப்பைக் கிடங்குக்கோ கழிவுநீர் வாய்க்காலுக்கோ இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் மனை என்றால், பகலில் கடற்காற்று வீசும்போது பார்த்தது போதாது. இரவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். பகலில் நாற்றம் எட்டாத பக்கத்தில் இருந்த வீடு இரவில் நாற்றம் வந்து சேரும் பக்கமாகிவிடும். குழந்தைகளுக்கு இழுப்பு உள்ளவர்கள் இதைப் பார்க்காமல் வாடகைக்குக்கூடப் போகக் கூடாது.

செல்பேசி வானிலைச் செயலியை நம்புவது

அது காட்டும் எண் ஊருக்கு. உங்கள் தெருவுக்கு அன்று.

கார்த்திகையில் பார்க்காமல் தையில் பத்திரம் பதிவது

ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்துவிடும் ஊர்கள் இவை. தண்ணீர் வடிந்து, புல் பசுமையாக, கிணறு நிறைந்து, வெயில் இதமாக இருக்கும் தை மாதம், மனை தன் குறைகள் அனைத்தையும் மறைத்துக்கொண்டு நிற்கும் மாதம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பத்திரம் தையிலேயே ஆகட்டும். ஆனால் மனையைத் தேர்வது வைகாசியில் தொடங்கட்டும்: அப்போது வெயிலையும் தண்ணீரின் உப்பையும் பார்த்துவிடலாம். ஆடியில் காற்றைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு கனமழை நின்ற மறுநாள் காலை, காரில் அல்லாமல் செருப்பைக் கையில் பிடித்து நடந்து போய், முதன்மைச் சாலையிலிருந்து மனை வரைக்கும் நீர் எங்கெல்லாம் கணுக்காலைத் தாண்டுகிறது என்று பார்க்கலாம். புதுவையின் தாழ்வான ரெயின்போ நகரில் மழை நாளன்று ஒரு மணி நேரம் நின்றவருக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது.

ஓராண்டு காத்திருந்தால் விலை ஏறிவிடும் என்பார்கள். ஏறட்டும். அதே பகுதியில் அந்த ஓராண்டுக்கு வாடகை வீடு எடுத்துத் தங்கினால் ஆகும் செலவு, பள்ளத்து மனைக்கு அடிக்கும் கிராவலின் செலவை எட்டாது. வெளியூரிலிருந்து வருவோரால் அதுவும் முடியவில்லை என்றால், கிரய ஒப்பந்தத்தின் கெடுவை மழைக்காலத்தைத் தாண்டி மார்கழி முடிவு வரை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மேட்டு மனை வைத்திருப்பவர் விலையில் பேரம் பேசுவாரே தவிர, கெடுவுக்குச் சம்மதிப்பார். பள்ளத்து மனைக்காரர்தாம் ஆவணிக்குள் பதிவை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுவார்.