இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு: கவுன்சில் உங்கள் பணத்தை எப்படிக் கணக்கிடுகிறது?

அம்மாவைக் குளிப்பாட்ட, உடை மாற்ற, நேரத்துக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டும். ஆனால், "சொந்த வீடு இருக்கிறதே, கவுன்சில் எங்கே தரப்போகிறது" என்று பல குடும்பங்கள் கேட்டுப் பார்ப்பதே இல்லை. தயவுசெய்து கேளுங்கள். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கணக்கு வேறு.

படி 1: முதலில் தேவை, அப்புறம்தான் பணம்

கவுன்சிலின் (உங்கள் பகுதி உள்ளாட்சி அமைப்பின்) சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைத்து, 'நீட்ஸ் அசெஸ்மென்ட்', அதாவது என்ன உதவி தேவை என்ற மதிப்பீடு, வேண்டும் என்று கேளுங்கள். கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் இது இலவசம். சேமிப்பைக் காரணம் காட்டி இதை மறுக்க 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் (கேர் ஆக்ட்) இடம் தரவில்லை. அதிகாரி வரும் நாளில் குடும்பத்தில் ஒருவர் கட்டாயம் கூட இருங்கள். வெளியாள் முன்னால் "நானே எல்லாம் பார்த்துக்குவேன்" என்று சொல்வதுதான் நம் பெரியவர்களின் வழக்கம். முடியாத நாட்களில் நிலைமை எப்படி என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

படி 2: எந்தச் சொத்து கணக்கில் வரும்?

பராமரிப்பு வீட்டிலேயே நடக்கும்வரை, அம்மா குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சேர்க்க மாட்டார்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும்போதுதான் அந்தப் பேச்சு வரும். உங்கள் சம்பளமும் சேமிப்பும் இதில் வராது, அம்மாவுடையது மட்டும்தான். அப்பாவோடு கூட்டுக் கணக்கு இருந்தால், பொதுவாகப் பாதியை அம்மாவின் பங்காக எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஊரில் அம்மா பெயரில் இருக்கும் வீடும் காணியும் சொத்தாகவே எண்ணப்படும். அதை மறைக்க வேண்டாம். விற்றுப் பணத்தை இங்கே கொண்டுவரச் சட்டத் தடை ஏதும் இருந்தால், அதற்கான ஆவணத்தைக் காட்டுங்கள். மதிப்பிடும் முறை மாறும்.

படி 3: இரண்டு வரம்புகள்

அம்மாவின் சேமிப்பும் கணக்கில் வரும் சொத்தும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அம்மாவுடையது. அப்போதும் பராமரிப்பை ஏற்பாடு செய்து தரும்படி கவுன்சிலைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் வாங்கக்கூடும். 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொட மாட்டார்கள். இடையில் இருந்தால், கூடுதலாக உள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக்கொள்வார்கள்.

கூட்டுக் கணக்கில் 40,000 பவுண்டு இருக்கிறது என்று வையுங்கள். அம்மாவின் பங்கு 20,000. அதில் 14,250 போக மீதி 5,750. 250ஆல் வகுத்தால் 23. ஆக, வாரம் 23 பவுண்டு அவருடைய வருமானத்தோடு சேரும்.

படி 4: வருமானமும் கழிவுகளும்

கட்டணத்துக்கான வருமானக் கணக்கில் பென்ஷன் சேரும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸையும் (உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் தொகை) பெரும்பாலும் சேர்ப்பார்கள். ஆனால் அன்றாடச் செலவுக்கென்று ஒரு குறைந்தபட்சத் தொகையை அம்மாவின் கையில் விட்டுவைத்தே ஆக வேண்டும். அந்தத் தொகையை அரசு அறிவிக்கிறது.

பலர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்தான். உடல்நிலையால் கூடும் செலவுகளைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்: அடிக்கடி துணி துவைப்பது, கூடுதல் ஹீட்டிங், டயப்பர், தனி உணவு. யாரும் தாமாக வந்து கேட்க மாட்டார்கள். பில்களை இன்றே ஒரு கவரில் போட்டு வைக்கத் தொடங்குங்கள்.

படி 5: பணத்தை மாற்றி எழுதாதீர்கள்

"பிள்ளைகள் பெயருக்கு மாற்றி ஏழு வருஷம் போனால் சரி" என்பார்கள். அந்த ஏழு வருடம் வாரிசு வரிக்கான விதி. இங்கே அப்படிக் காலவரம்பே கிடையாது. கட்டணத்தைத் தவிர்க்கவே கொடுத்தது என்று கவுன்சில் முடிவு செய்தால், அந்தப் பணம் இன்னும் அம்மாவிடமே இருப்பதாகக் கணக்கிடலாம். வாங்கிய பிள்ளையிடமே வசூலிக்கவும் முடியும்.

கட்டணத்தை முடிவு செய்ததும் கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கழிவுகள் விடுபட்டிருந்தால் மறுபரிசீலனை கேளுங்கள். கவுன்சிலிடம் புகார் கொடுத்தும் தீரவில்லையென்றால், உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் சுதந்திர அதிகாரி) போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை.