பாறைக் கோளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வாரங்களுக்கு முன்பு முதலாண்டு ஆய்வு மாணவி ஒருவர் தன் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு விண்மீனின் ஆரத்திசை வேகம் (அது நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகம்), அதன்மேல் அழகாக ஏறி இறங்கும் ஒரு வளைவு, ஓரத்தில் 'புவியைப் போல் 5 மடங்கு நிறை' என்ற குறிப்பு. பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வரைந்த அதே படம். விண்மீன் வேறு, தவறு ஒன்றுதான்.

கடப்பு (கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து ஒளியை மங்கச் செய்வது) தெரியாத கோளுக்குக் கிடைப்பது குறைந்தபட்ச நிறைதான் என்பதைப் போன்ற பாலபாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எந்தப் பாடநூலிலும் இருக்கின்றன.

விண்மீன் அமைதியாக இருக்கிறது என்று நம்புவது

கோள் சுற்றும்போது விண்மீனும் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தை நிறமாலைக் கோடுகளின் டாப்ளர் நகர்வில் படிக்கிறோம்: விண்மீன் நெருங்கினால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். வியாழன் நம் சூரியனை நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமி ஆட்டுவது 9 சென்டிமீட்டர்தான். விண்மீனை ஒட்டிச் சுற்றும் பாறைக் கோள்கள் ஒன்றிரண்டு மீட்டர் கொடுக்கும். சிக்கல் என்னவென்றால், கோளே இல்லாவிட்டாலும் விண்மீன் தன் பங்குக்கு அதே அளவில், சில சமயம் பல மடங்கு கூடுதலாக, ஆடுவதுபோல் காட்டும்.

விண்மீன் சுழலும்போது அதன் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறுபாதி விலகிப் போகிறது. வரும் பாதியில் ஒரு கரும்புள்ளி இருந்தால் அங்கிருந்து வரும் நீலப்பக்க ஒளி குறைந்து, கோட்டின் சராசரி சிவப்புப் பக்கம் சாயும். புள்ளி மறுபாதிக்குப் போனதும் சாய்வு திரும்பும். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. விண்மீனின் பரப்பில் கொதித்து மேலெழும் வாயு பிரகாசமானது. அதனால் மொத்த ஒளியிலும் ஒரு சின்ன நீலநகர்வு எப்போதும் இருக்கும். காந்தப்புலம் வலுவான இடங்களில் அந்தக் கொதிப்பு அடங்கிவிடுவதால் நீலநகர்வும் குறைகிறது. சூரியனைப் பொறுத்தவரை கரும்புள்ளிகளைவிட இந்த இரண்டாவது விளைவுதான் பெரியது.

நான் என்ன செய்தேன் என்றால், இதையெல்லாம் 'ஜிட்டர்' என்று ஒரே எண்ணாக்கிப் பிழைப்பட்டையோடு கூட்டிவிட்டேன். அப்படிக் கூட்டினால், இன்றைய பிழைக்கும் நாளைய பிழைக்கும் தொடர்பில்லை என்று சொன்னதாக ஆகிறது. புள்ளிகளோ வாரக்கணக்கில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. என் தரவில் ஒன்பதரை நாளில் ஒரு துடிப்பு தெரிந்தது. விண்மீன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 19 நாள் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒன்பதரை வேறு, பத்தொன்பது வேறு என்று நினைத்துக்கொண்டேன். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு புள்ளிக் கூட்டங்கள் இருந்தால் சரிபாதிக் காலத்தில்தான் துடிப்பு பலமாகத் தெரியும் என்பதை யோசிக்கவே இல்லை. ஒரு பெரிய தொலைநோக்கியில் பதினோரு இரவுகள் கேட்டு வாங்கினோம். அடுத்த பருவத்தில் புள்ளிகள் இடம் மாறியிருந்தன, துடிப்பைக் காணோம். வேறொருவரின் நல்ல கோளுக்குப் போயிருக்க வேண்டிய இரவுகள் அவை. இன்றும் அதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

இதில் வல்லுநர்களும் தடுமாறியிருக்கிறார்கள். கோரோ-7பி என்பது ஆரம், நிறை இரண்டும் அளக்கப்பட்ட முதல் பாறைக் கோள். 2008-09-ல் சிலி நாட்டு லா சில்யா வானாய்வகத்திலுள்ள ஹார்ப்ஸ் நிறமாலைக் கருவி எடுத்த நூற்றுச் சொச்சம் அளவீடுகளை வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வெவ்வேறு குழுக்கள் சொன்ன நிறைகளைப் பாருங்கள்: புவியைப் போல் 4.8, 6.9, 5.7, 2.3, 8.0 மடங்கு. அடிப்படைத் தரவு ஒன்றே. விண்மீனின் ஆட்டத்தை எப்படிக் கழித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. கோளின் ஆரம் புவியைப் போல் சுமார் 1.6 மடங்கு. நிறை 8 என்றால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 11 கிராம், அதாவது இரும்புக் குண்டு. 2.3 என்றால் 3 சொச்சம், பாறையைவிட லேசு. 2012 ஜனவரியில் கோரோ செயற்கைக்கோள் விண்மீனின் ஒளியை அளந்த அதே நாட்களில் ஹார்ப்ஸும் அதையே பார்த்தது. ஒளி ஏறி இறங்குவதை வைத்து வேக ஆட்டத்தைக் கணித்துக் கழித்தபோது நிறை 4.7 என்று வந்தது.

சரி, என்ன செய்யலாம்? கோளின் சுற்றுக்காலம் ஒரு நாளுக்கும் குறைவாக இருந்தால் வழி எளிது. கோரோ-7பி 20 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது, விண்மீன் சுழல 23 நாள் ஆகிறது. ஒரே இரவில் சில மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று அளவீடுகள் எடுங்கள். அதற்குள் விண்மீன் பெரிதாக மாறியிருக்காது. ஒவ்வோர் இரவுக்கும் வேகத்தின் தொடக்க அளவை (பூஜ்ஜியப் புள்ளியை) தனித்தனியாக விட்டுவிட்டால் எஞ்சுவது கோளின் இழுப்புதான்.

பத்து நாள் கோளுக்கு இந்த வழி உதவாது. விண்மீன் இரண்டு சுழற்சியாவது முடிக்கும்வரை இரவு தவறாமல் பார்க்க வேண்டும், கூடவே ஒளியளவும் எடுக்க வேண்டும். விண்மீனின் காந்தச் செயல்பாட்டைக் காட்டும் கால்சியத்தின் எச், கே கோடுகளிலும் கோட்டின் அகலத்திலும் அதே துடிப்பு தெரிகிறதா என்று தேடுங்கள். சுழற்சிக் காலத்தின் பாதி, மூன்றிலொரு பங்கு இரண்டையும் முதல் நாளே வரைபடத்தில் கோடு போட்டு வையுங்கள். கிளீஸ் 581 டி என்று நாம் கொண்டாடிய கோளின் 66 நாள் சுற்றுக்காலம், 130 நாள் சுழற்சியின் பாதிதான் என்று 2014-ல் காட்டினார்கள்.

இப்போது எல்லோரும் காஸியன் பிராசஸ் (நாளுக்கு நாள் தொடர்புள்ள ஆட்டத்தைக் கணித்துக் கழிக்கும் புள்ளியியல் முறை) போடுகிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதை ரொம்பத் தளர்வாக விட்டால் புள்ளிகளோடு சேர்த்துக் கோளையும் விழுங்கிவிடும். கற்பனைக் கோள் ஒன்றைத் தரவில் நீங்களே செருகி, அது முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

ஒருநாள் மாயை

நாம் இரவில் மட்டும் பார்க்கிறோம். அதனால் உண்மையான துடிப்பு வேறொரு காலத்தில் நிழல்போலத் தெரியும். 55 கான்கிரி இ என்ற கோள் 2.8 நாளில் சுற்றுகிறது என்று 2004 முதல் நம்பினோம், நிறை புவியைப் போல் 14 மடங்கு என்றோம். 2010-ல் இருவர் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். உண்மையான சுற்றுக்காலம் 0.7365 நாள், நிறை 8 சொச்சம். 2011-ல் அந்தக் காலத்திலேயே கடப்பும் தெரிந்தது. நீங்களே போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 1.358 சுற்று, அதில் பூமியின் சுழற்சி 1.003-ஐக் கழித்தால் 0.355. அதுதான் 2.8 நாள்.

ஆரத்தை மறந்துவிட்டு நிறையோடு மல்லுக்கட்டுவது

ஆரத்தில் 5% பிழை, அடர்த்தியில் 15%. அந்த ஆரமும் விண்மீனின் ஆரத்தை வைத்து வந்ததுதான். அருகில் ஒளிந்திருக்கும் துணை விண்மீன் ஒன்று கடப்பின் ஆழத்தைக் குறைத்துக் காட்டினால் கோள் சிறுத்துப்போகும், இல்லாத இரும்பு முளைக்கும்.

அடர்த்தியை அப்படியே ஒப்பிடுவது

பூமி 5.51, புதன் 5.43. ஒரே பொருளா? இல்லை. பூமி தன் எடையிலேயே நசுங்கிக் கிடக்கிறது. நசுக்கத்தை எடுத்துவிட்டால் பூமி ஏறக்குறைய 4, புதன் 5.3. ஆகவே, ஒரே பொருளால் ஆன கோளின் ஆரம் நிறையோடு எப்படி மாறும் என்று காட்டும் நிறை-ஆர வளைவின் மேல் வைத்துப் பாருங்கள்.

3 சிக்மா வந்ததும் நிறுத்துவது

அளந்த நிறை அதன் பிழையைப் போல் மூன்று மடங்கானதும் (3 சிக்மா) அளவீட்டை நிறுத்த வேண்டாம். தற்செயலாக மேலே போன நேரத்தில் நிறுத்துவதால் நிறை கூடுதலாகவே வரும்.

விண்மீனின் வேதியியலைக் கோளுக்கு ஏற்றிவிடுவது

மறுபடியும் 55 கான்கிரி இ. 2012-ல் அதை வைரக் கோள் என்றார்கள். விண்மீனில் ஆக்சிஜனைவிடக் கார்பன் அதிகம் என்ற அளவீட்டை அந்தக் கணிப்பு நம்பியிருந்தது. மறு ஆண்டே அந்தக் கார்பன்-ஆக்சிஜன் விகிதம் 0.8 அளவுக்கு இறங்கியது, வைரத்துக்கு இருந்த முக்கிய ஆதாரம் போயிற்று. அப்புறம் 2024-ல், ஜேம்ஸ் வெப் தரவை வைத்து, அந்தக் கோளின் மேல் கார்பன் மோனாக்சைடோ கார்பன் டை ஆக்சைடோ நிறைந்த வளிமண்டலம் இருக்கலாம் என்றார்கள். அப்படி ஒன்று இருந்தால், இத்தனை நாள் நாம் அடர்த்திக் கணக்கில் போட்டுவந்த ஆரம் பாறையின் ஆரமாக இருக்காது.