ஆரஞ்சு-நாசாவ் பதக்கம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நெதர்லாந்தின் இந்த விருது 1892இல் தொடங்கியது. நீல எனாமல் (உலோகத்தின் மேல் உருக்கிய கண்ணாடிப் பூச்சு) சிலுவை, வெள்ளை ஓரம், நடுவில் தங்கச் சிங்கம். பின்பக்கம் கிரீடத்தோடு 'டபிள்யூ' என்ற எழுத்து. சிலுவையின் கைகளுக்கிடையே இலைமாலை இருந்தால் சிவில் பிரிவு, குறுக்கு வாள்கள் இருந்தால் ராணுவப் பிரிவு. எனாமல் இல்லாத தங்க, வெள்ளி, வெண்கலப் பதக்கமானால் 1996க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் அவற்றை நிறுத்தினார்கள்.

பத்து மடங்கு லென்ஸில், பதக்கம் தொங்கும் வளையத்தைப் பாருங்கள். டச்சு வெள்ளியில் குட்டி வாள் முத்திரை இருக்கும். ஆனால் அது 1814 முதலே புழங்குவது. அதை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல முடியாது.

விலையைக் கெடுப்பது எனாமல் உடைசல்தான். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், பெயிண்ட் பூசி மறைத்த இடம் மங்கலாகத் தெரியும். பெட்டி எளிதில் மாறிவிடும், நம்பாதீர்கள். பெயர் எழுதிய விருதுப் பத்திரம் இருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம். பாலிஷ் மட்டும் போடவே போடாதீர்கள்.