பொறுப்பேற்கும் முதல் வாரத்தில் டோரா அகுன்யிலியைப் படியுங்கள்

என்னிடம் பார்மசி படித்த பெண்கள் இன்று பல இடங்களில் மருந்து ஆய்வாளர்களாக இருக்கிறார்கள். பதவி உயர்வு வந்ததும் போன் செய்து, "மேடம், ஆபீஸையே என் கையில் கொடுத்துட்டாங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். நான் எப்போதும் நைஜீரியாவின் டோரா அகுன்யிலியிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். அவரும் மருந்தாளுநர். 2001 முதல் 2008 வரை அந்த நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான நாஃப்டாக்கின் தலைவராக இருந்தார். அவருடைய தங்கை விவியன் சர்க்கரை நோயாளி. 1988-ல் போலி இன்சுலின் போட்டுக்கொண்டு இறந்துபோனார்.

முதலில் பணக் கணக்கு. அந்தப் பதவி அவருக்கு எப்படி வந்தது தெரியுமா? அதற்கு முன் ஓர் அரசு நிதியத்தில் வேலை பார்த்தார். அறுவை சிகிச்சைக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். பரிசோதித்த மருத்துவர்கள் அறுவை தேவையில்லை என்றார்கள். அதற்கென்று கொடுத்த 12,000 பவுண்டை அப்படியே நிதியத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் செய்திதான் அதிபர் ஒபாசாஞ்சோவின் காதுக்குப் போனது. அதனால் நான் சொல்வது இதுதான்: பயணப்படியில் மிஞ்சும் நூறு ரூபாயைக்கூட எழுத்தோடு திருப்பிக் கொடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பெரிய கம்பெனியின் சரக்கை நீங்கள் நிறுத்தும்போது முதலில் தோண்டப்படுவது உங்கள் பழைய கணக்குதான்.

அடுத்தது உங்கள் அலுவலகம். வெளியே ரெய்டு போகும் முன் உள்ளே யார் யாரிடம் கவர் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அகுன்யிலி அங்கேதான் தொடங்கினார். ஊழல் செய்தவர்களை வெளியேற்றினார், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இதைத் தாண்டிப் போனால் உங்கள் ரெய்டு பற்றிய தகவல் உங்களுக்கு முன்னாலேயே கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்புறம் மக்கள். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த வேலை இதுதான், இதில் நேரம் செலவழியுங்கள். எது போலி, அசலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நாளிதழ்களில் தொடர்ந்து பட்டியல் வெளியிட்டார். நாஃப்டாக் பதிவு எண் இல்லாத பொருளை வாங்காதீர்கள் என்று வானொலியிலும் பள்ளிகளிலும் சொல்லிக்கொண்டே இருந்தார். சில நூறு ஆய்வாளர்களால் ஒரு நாட்டின் எல்லாக் கடைகளையும் பார்க்க முடியாது. வாங்கும் அம்மாவுக்குக் கண் திறந்துவிட்டால் ஒவ்வொரு கடைக்கும் ஓர் ஆய்வாளர் கிடைத்துவிடுகிறார்.

நான் மருத்துவமனை ஸ்டோரில் இருந்த காலத்தில் ஒரு நாள் ஒரு பெட்டியைப் பிரித்தேன். அட்டையில் ஒரு பேட்ச் எண், உள்ளே இருந்த ஸ்ட்ரிப்பில் வேறு எண். ஸ்ட்ரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் காலாவதித் தேதியின் மை விரலில் ஒட்டியது. பழைய ஸ்ட்ரிப் ஒன்றைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் எழுத்தின் தடிமனும் வேறு என்று தெரிந்தது. நீங்கள் வெளியிடும் அறிவிப்பிலும் இப்படி இரண்டையும் அருகருகே படமாகப் போடுங்கள். வெறும் பேட்ச் எண்களை அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். எழுதியதை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ அதைத் திருத்துங்கள்.

சரக்கு வரும் வாசலையும் பிடிக்க வேண்டும். நைஜீரியாவுக்குள் வந்த போலி மருந்துகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போனது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வலிக்கிறது. கப்பல் ஏறுவதற்கு முன்பே அங்கேயே சோதித்துச் சான்று கொடுக்க அவர் ஆட்களை நியமித்தார், பல கம்பெனிகளைத் தடை செய்தார். மருந்து இறங்கும் இடங்களை இரண்டு துறைமுகங்கள், இரண்டு விமான நிலையங்கள் என்று குறுக்கினார். வாசல் குறைந்தால் காவலும் எளிது. உங்கள் மாவட்டத்தில் மொத்த மருந்து எந்தெந்த லாரி ஆபீஸில் இறங்குகிறது என்று முதல் மாதத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம் கடினமானது. அகுன்யிலி இக்போ இனத்தவர், அனம்ப்ரா மாநிலத்துக்காரர். போலி மருந்துக்குப் பேர்போன ஒனிட்சா சந்தையும் அதே அனம்ப்ராவில்தான். வியாபாரிகளில் பெரும்பாலோர் அவர் இனத்தவர்களே. 2007-ல் அந்தச் சந்தையை மாதக்கணக்கில் மூடினார். உங்கள் ஊர்க்காரர், உங்கள் வகுப்புத் தோழர் என்று ஒருவர் வருவார். அந்தக் கோப்பை வேறு அதிகாரியிடம் கொடுத்துத் தப்பிக்காதீர்கள். சந்திப்பு எதுவானாலும் அலுவலகத்தில், இன்னொருவர் உடனிருக்க நடக்கட்டும்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2003 டிசம்பர் 26 அன்று சொந்த ஊருக்குப் போகும் வழியில் அவர் காரைச் சுட்டார்கள். தோட்டா பின்கண்ணாடியைத் துளைத்து, அவர் கட்டியிருந்த தலைத்துணியைக் கிழித்து, தலையை உரசிக்கொண்டு போனது. பக்கத்தில் வந்த பேருந்தின் ஓட்டுநர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு லாகோஸில் நாஃப்டாக் அலுவலகம் எரிந்தது. மிரட்டல் வந்தால் "இதெல்லாம் சகஜம்" என்று விடாதீர்கள். அன்றைக்கே எழுத்துப் புகார் கொடுங்கள், சோதனை முடிவுகளின் நகலை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள்.

கடைசி வேலை, நீங்கள் போன பிறகு நடக்க வேண்டியது. 1990-ல் நைஜீரியாவில் பாராசிட்டமால் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் கலந்து நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2008 கடைசியில் அகுன்யிலி தகவல் துறை அமைச்சராகப் போனார். அதே மாதங்களில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான ஒரு சிரப்பில் அதே நச்சு திரும்பி வந்தது. 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போய்விட்டார்கள். அத்தனை வலிமையான தலைவர் இருந்த இடத்திலேயே இது நடந்தது. அதனால் பொறுப்பை ஒப்படைக்கும் கோப்பில் உங்கள் சாதனைகளை எழுதாதீர்கள். சிரப் தயாரிக்கும் ஒவ்வொரு ஆலையின் பெயர், அங்கே புரொப்பிலீன் கிளைக்கால் (சிரப்பில் மருந்தைக் கரைக்கும் திரவம், இதற்குப் பதிலாகத்தான் அந்த நச்சு உள்ளே நுழைகிறது) யாரிடமிருந்து வருகிறது, கடைசியாக எந்தத் தேதியில் எந்த டிரம்மில் மாதிரி எடுத்தீர்கள், அடுத்த மாதிரி எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.