68 நாள் கணக்கு: கல்லூரியில் அட்டெண்டன்ஸைக் காப்பாற்றுவது எப்படி

ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தென் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பதினோரு வருடமாக வகுப்பு டியூட்டராக இருக்கிறேன். அந்த வாரத்தில் வந்து கேட்பவர்களுக்கு என்னால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடிவதில்லை. ஜூலையிலேயே வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம்.

முதலில் சதவீதத்தை விட்டுவிட்டு நாளாக எண்ணிப் பழகுங்கள். ஒரு செமஸ்டருக்கு வேலை நாள் 90. தேர்வு எழுத அதில் 75 சதவீதம் வருகை வேண்டும். கணக்குப் போட்டால் 67.5, அதாவது 68 நாள் நீங்கள் வகுப்பில் இருக்க வேண்டும். வராமல் விடக்கூடியது 22 நாள். கேட்டால் நிறைய இருப்பதுபோலத் தெரியும். காய்ச்சல், வீட்டு விசேஷம், பஸ் வராத காலை எல்லாம் அந்த 22-க்குள்தான் அடங்க வேண்டும்.

75-க்குக் கீழே போனால் உடனே எல்லாம் முடிந்துவிடாது. 65 சதவீதம் வரைக்கும், அதாவது 59 நாளாவது வந்திருந்தால், தகுந்த காரணம் காட்டி, அதற்குரிய கட்டணம் கட்டி, கண்டோனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் அனுமதி) வாங்கித் தேர்வு எழுதலாம். 50-க்கும் 65-க்கும் நடுவில் மாட்டினால் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும். சில இடங்களில் மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்து எழுதலாம், சில இடங்களில் அந்தத் தாள்களை அடுத்த செமஸ்டரில்தான் எழுத முடியும். 45 நாளுக்கும் குறைந்தால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மூன்றாம் வருடம் முடித்து நண்பர்கள் எல்லாம் போன பிறகு, ஜூனியர்களோடு வந்து உட்கார வேண்டியிருக்கும்.

பொறியியல் படிப்பவர்களுக்கு 50-க்கும் 65-க்கும் நடுவிலான இந்தப் படி கிடையாது. அண்ணா பல்கலைக்கழக விதியில் 75, நோய்க்காகவோ அனுமதி வாங்கிப் போன விளையாட்டுப் போட்டிக்காகவோ 65. அதற்கும் கீழே என்றால் அந்த செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் மறுபடி படிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று தனி விதி வைத்திருக்கும். முதல் வருடம் சேரும்போது ஒரு கையேடு கொடுத்திருப்பார்களே, அதில் வருகைப் பதிவு என்ற பக்கத்தை மட்டுமாவது இன்று எடுத்துப் படியுங்கள். நாள் கணக்கா மணிக் கணக்கா என்பதும் அதில் இருக்கும். எங்கள் கல்லூரியில் நாள் கணக்கு. காலையில் 3 மணி நேர வகுப்பு, அப்புறம் 2 மணி நேர வகுப்பு. காலையில் ஒரு மணி வகுப்பை விட்டாலும் அரை நாள் போய்விடும். முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே வராமல் மரத்தடியில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. தயவுசெய்து உள்ளே வாருங்கள். ஆசிரியர் இரண்டு வார்த்தை சொன்னாலும் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமைதியான பையன், இன்டர்னலில் நல்ல மார்க். ஆடி மாதம் ஊரில் அம்மன் கோவில் கொடை, 3 நாள் வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னொரு 15 நாள். ஐப்பசியில் டெங்கு வந்து அரசு மருத்துவமனையில் படுத்தான். தேறி வர 16 நாள் ஆனது. ஹால் டிக்கெட் வந்த அன்று, நான்காக மடித்த டிஸ்சார்ஜ் தாளை சட்டைப் பையிலிருந்து எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி விட்டான். நான் ரெஜிஸ்டரைத் திறந்து அவன் பெயருக்கு நேரே இருந்த ஆப்சென்ட்களை பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். 34. வந்தது 56 நாள். 59 இருந்திருந்தால் அந்தத் தாளை வைத்தே கண்டோனேஷன் வாங்கியிருக்கலாம். மூன்றே நாள்! “டெங்குன்னு எழுதியிருக்கே மேடம், இது ஒத்துக்க மாட்டாங்களா?” என்று கேட்டான். டெங்குவுக்கு முன்னாலேயே அவன் கையில் 4 நாள்தான் மிச்சம் இருந்தது. அதை நானாவது ஆவணியிலேயே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசியிலும் யார் எத்தனை நாள் வந்திருக்கிறார்கள் என்று எழுதி வகுப்புக் கதவில் ஒட்டுகிறேன்.

அதனால் செமஸ்டரின் முதல் பாதியில் 8 நாளுக்கு மேல் செலவழிக்காதீர்கள். காய்ச்சல் எப்போது வரும் என்று தெரியாது. மழைக்காலத்துக்கென்று பத்துப் பன்னிரண்டு நாள் கையில் இருக்கட்டும்.

மெடிக்கல் சர்டிபிகேட் பற்றி எல்லோருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதைக் கொடுத்தால் வராத நாளெல்லாம் வந்த நாளாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆகாது. ஆப்சென்ட் ஆப்சென்ட்தான். பின்னால் கண்டோனேஷன் கேட்கும்போது காரணம் காட்டத்தான் அது உதவும். அதனால் உடம்பு தேறி கல்லூரிக்கு வரும் முதல் நாளே சான்றிதழையும் லீவ் லெட்டரையும் கொடுத்துவிட்டு, ஒரு நகலில் டியூட்டரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் கொண்டு வரும் ஆகஸ்ட் மாதச் சான்றிதழை யாரும் நம்புவதில்லை. உண்மையாகவே படுத்திருந்த பிள்ளையும் அதில் அடிபடும்.

ஓடி (ஆன் டியூட்டி, அதாவது அனுமதி வாங்கி முகாமுக்கோ போட்டிக்கோ போவது) அப்படியில்லை, அது வந்த நாளாகவே கணக்கில் சேரும். என்.சி.சி. முகாம், என்.எஸ்.எஸ்-ஸின் 7 நாள் சிறப்பு முகாம், பல்கலைக்கழக விளையாட்டு எல்லாம் இதில் வரும். ஆனால் போவதற்கு முன்பே கடிதத்தில் துறைத் தலைவர் கையெழுத்து இருக்க வேண்டும். வந்த பிறகு பங்கேற்புச் சான்றின் நகலைக் கொடுத்து, ரெஜிஸ்டரில் மாற்றியாகிவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டுப் போங்கள். நாங்களும் மறப்போம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். என் வகுப்பில் பாதிப் பையன்கள் கல்யாண மண்டபங்களில் பரிமாறப் போகிறவர்கள். ரிசப்ஷன் முடிந்து இலை எடுத்துப் படுக்க ஒரு மணி ஆகும், காலை டிபனுக்கு நாலரைக்கு எழ வேண்டும். மறுநாள் கல்லூரிக்கு எப்படி வருவது? அந்தக் காசில்தான் ஃபீஸ் கட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். செமஸ்டர் தொடங்கும்போதே ஒரு தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு முகூர்த்த நாட்களைக் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களை முழுசாக எடுங்கள். வார நாள் என்றால் மாலை ரிசப்ஷனை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் மட்டும் அப்படிச் செய்தாலே ஐந்தாறு நாள் மிச்சமாகும். அப்புறம், வேலைக்குப் போகும் விஷயத்தை டியூட்டரிடம் மறைக்காதீர்கள். தெரிந்தால் ஆள் வராதபோது திட்டுவதற்குப் பதிலாக கணக்கைப் பார்த்து எச்சரிப்போம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. மாதவிடாய் வலியால் மாதம் ஒன்றிரண்டு நாள் போவது ஒரு செமஸ்டரில் ஏழெட்டு நாள் ஆகிவிடுகிறது. கேரளத்தில் 2023-ல் பல்கலைக்கழக மாணவிகளுக்கு 75-ஐ 73 ஆகக் குறைத்தார்கள். நம் பல்கலைக்கழகங்களிலும் அது வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை, அந்த நாட்களுக்கு லெட்டர் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். “உடல்நிலை சரியில்லை” என்ற ஒரு வரி போதும்.

வருகை குறைந்தால் அலுவலகத்திலிருந்து பெற்றோரின் செல்பேசிக்குத் தகவல் போகும். அட்மிஷன் அன்று கொடுத்த நம்பர் பல பேருக்கு இப்போது உயிரோடு இல்லை, சிலருக்குப் பக்கத்து வீட்டு நம்பர். அதை மாற்றிக் கொடுங்கள்.

ஏற்கெனவே குறைந்துவிட்டதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 நாள் முடிந்து 40 நாள் வந்திருந்தால், மீதி 30-க்கும் வந்தால் மொத்தம் 70, தப்பித்தீர்கள். 36 நாள்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் 66 வரும், கண்டோனேஷனுக்குள் இருப்பீர்கள், அதற்கு இப்போதே காகிதம் சேருங்கள். 28 என்றால் 58. அந்த ஒரு நாளை எங்கே பிடிப்பது என்று பார்க்க வேண்டும். கொடுக்காமல் விட்ட ஓடி ஏதாவது இருக்கலாம், நீங்கள் வகுப்பில் இருந்தும் தவறி ஆப்சென்ட் விழுந்திருக்கலாம். இதைத் தேட ரெஜிஸ்டர் வேண்டும், அது எங்களிடம்தான் இருக்கிறது. மதிய இடைவேளையில் வாருங்கள். காலை முதல் மணியில் வேண்டாம், அப்போது நான் வருகை எடுத்துக்கொண்டிருப்பேன், நீங்களும் வகுப்பில் இருக்க வேண்டும்.