மனவடு மதிப்பீட்டுக்குக் குடும்பமாகச் செல்லும்போது

மனவடு என்பது போர், வன்முறை போன்றவற்றால் மனத்தில் தங்கிவிடும் காயம்; அது யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவர் கேட்டறிவதே மனவடு மதிப்பீடு. தமிழகத்து முகாம்களில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி, கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகைக்கு வீடு எடுத்திருக்கும் குடும்பங்களுக்கு, மூடிய அறையில் ஒருவர் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வது பழைய விசாரணைகளை நினைவூட்டக்கூடும். அந்த அச்சத்தை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதுவும் மதிப்பீட்டுக்கு உரிய செய்திதான்.

அரச மருத்துவமனைகளில் இந்த மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்கள் தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு வழியாகவோ, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்துக்கோ செல்லலாம். பிள்ளைகளுக்குப் பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உண்டு. தமிழ் 1987 முதல் அரசகரும மொழியாக இருந்தும் எல்லாக் கிளினிக்கிலும் தமிழ் பேசுபவர் கிடைப்பதில்லை என்பதால், திகதி எடுக்கும்போதே கேட்டுவையுங்கள். எக்காரணம் கொண்டும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் பட்ட துன்பத்தைத் தன் வாயால் எடுத்துச் சொல்ல நேரும் பிள்ளைக்கு அதுவே இன்னொரு காயமாகிவிடும்; தாயும் பாதியை விழுங்கிவிடுவார்.

பெரும்பாலும் முதலில் எல்லோரையும் ஒன்றாகவும், பின்னர் தனித்தனியாகவும் சந்திப்பார்கள். உறக்கம், கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், சில இடங்களையும் பேச்சுகளையும் தவிர்த்தல், குடிப்பழக்கம், வீட்டுச் சண்டை, சாக வேண்டுமென்ற எண்ணம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார்கள். நம் மூத்தவர்கள் இவற்றை நோயாகச் சொல்வதில்லை. “ஒரே யோசனை”, “நெஞ்சு படபடப்பு”, “பெருமூச்சு” என்றே சொல்வார்கள். அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள், அவை போதும். சிறு பிள்ளைகளோ வாய்விட்டுச் சொல்லாமல், நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடிக் காட்டுவார்கள். ஆகையால் விளையாட்டையும் படம் வரைவதையும் மருத்துவர் கவனிப்பதைக் கண்டு, நேரம் வீணாகிறது என்று எண்ண வேண்டாம்.

பெரியவர்களிடம் சில இடங்களில் மனவடுவின் அறிகுறிகளை அளக்க, 20 கேள்விகள் கொண்ட பிசிஎல்-5 (PCL-5) என்ற படிவத்தை நிரப்பச் சொல்வதுண்டு. கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு தொந்தரவு தந்தது என்று 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்வதில்லை. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் படிப்பையும் உறவையும் குலைக்கின்றனவா என்பதையும் பார்ப்பார்கள்.

1983இல் நடந்ததையோ 2009இல் நடந்ததையோ முதல் சந்திப்பிலேயே முழுவதுமாகச் சொல்லத் தேவையில்லை. “இதைப் பிறகு சொல்கிறேன்” என்று நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல மருத்துவர் அவசரப்படுத்த மாட்டார். சொல்பவை இரகசியமாக இருக்கும். ஆனால் உயிருக்கோ பிள்ளையின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மற்றவர்களுக்கு அறிவிக்க நேரும். அந்த எல்லை எது என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

மதிப்பீட்டின் பின் எல்லோருக்கும் மருந்து என்றில்லை. பிள்ளைக்கான பேச்சுச் சிகிச்சையில் பெற்றோரும் பங்கெடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால், வேலைக்குப் போகும் தந்தையும் ஒரு நாளாவது லீவு எடுத்து வருவது நல்லது. திகதிக்குக் காத்திருக்கும் நாட்களில் இரவில் யாருக்காவது தாங்க முடியாமல் போனால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.