ருமேனிய ஸுபின்: பாதி வினை, பாதி பெயர், முழுப் பிழை

ருமேனியம் கற்பவர்கள் பால் குழம்புவதும் பன்மை விகுதியில் இடறுவதும் பழகப் பழகச் சரியாகிவிடும். இரண்டு சொல்வகைகளின் குணம் கலந்த சொற்களில் செய்யும் பிழைதான் நன்றாகப் பேசத் தெரிந்த பிறகும் போகாது. அப்படி ஒன்றுதான் ஸுபின்: வினையிலிருந்து பிறந்து, இடத்துக்கேற்ப வினையாகவும் பெயராகவும் நடக்கும் வடிவம்.

ஸுபினை ஒரே வகையாக நினைப்பது

உருவத்தில் ஸுபினும் இறந்தகால எச்சத்தின் ஆண்பால் ஒருமையும் ஒன்றே: சிதித் (படி), ஸ்க்ரிஸ் (எழுது). முன்னால் 'தெ' என்ற முன்னிடைச்சொல் நின்றால் அது வினைபோல நடக்கும், நேராகச் செயப்படுபொருளை ஏற்கும்: 'அம் தெர்மினாத் தெ சிதித் கார்த்யா', புத்தகத்தைப் படித்து முடித்தேன். அதே சொல்லில் '-உல்' என்ற சுட்டு விகுதி ஒட்டினால் பெயர். பின்னால் வருவது ஆறாம் வேற்றுமைக்கு மாறியாக வேண்டும்: 'சிதிதுல் கர்த்ஸீ'. ருமேனிய ரயில் கால அட்டவணையின் பெயரே 'மெர்ஸுல் த்ரெனுரிலோர்', ரயில்களின் போக்கு. இதை மனப்பாடம் செய்தாலே போதும். ஆனாலும் 'சிதிதுல் கார்த்யா' என்றே எழுதித் தள்ளுகிறார்கள். தமிழில் 'புத்தகத்தைப் படித்தல்' என்று தொழிற்பெயரும் இரண்டாம் வேற்றுமையை ஏற்கிறதே, அந்தப் பழக்கம். ருமேனியத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இதைவிட எரிச்சல் தருவது 'அதை' என்னும் பெண்பால் ஒட்டு 'ஓ'. அதை ஸுபினின் வாலில் கட்டி 'அம் தெர்மினாத் தெ சிதித்-ஓ' என்பார்கள். ஸுபின் செயப்படுபொருளை ஏற்கும், ஒட்டைத் தாங்காது. முந்தைய வினைக்கு நகர்த்துங்கள்: 'அம் தெர்மினாத்-ஓ தெ சிதித்'.

எதிர்மறையிலும் அதன் பெயரடைக் குணம் தலைகாட்டும். 'இல்லை' என்னும் 'நு' வராது, 'நெ' என்ற முன்னொட்டுதான்: 'தெ நெக்ரெஸுத்', நம்ப முடியாத.

எச்சம்போலப் பால், எண் ஏற்றுவது

'ஸ்க்ரிஸோரி ஸ்க்ரிஸெ' என்றால் எழுதிய கடிதங்கள். 'ஸ்க்ரிஸோரி தெ ஸ்க்ரிஸ்' என்றால் எழுத வேண்டியவை. இரண்டாவதில் ஸுபின் அசையாது.

வினையடையைப் பன்மையாக்குவது

தீர்க்கக் கடினமான கணக்குகள் 'ப்ரொப்லெமெ க்ரெவு தெ ரெஸொல்வாத்'. 'க்ரெவு' இங்கே வினையடை, அதனால் பன்மையான 'க்ரெலெ' அல்ல. புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்கும் 'நொவு' (புதிதாக) மாறாமல் 'நொவு-நஸ்குத்ஸி'தான். இதில் பன்மையான 'நொய்' போடுவதை ருமேனியர்களிடமே கேட்கலாம்.

ஜெருன்ஸியு

ஜெருன்ஸியு தமிழ் வினையெச்சம் போன்ற வடிவம். 'வஸிந்து-ல்' (அவனைப் பார்த்து), ஆனால் 'வஸிந்த்-ஓ' (அவளைப் பார்த்து). 'ஓ'வுக்கு முன் 'உ' வேண்டாம்.

'மின த்ரெமுரிந்த' (நடுங்கும் கை) போலப் பெயரடையாக நிலைத்தவை சில உண்டு. அவற்றைப் பார்த்து எல்லா வினையையும் அப்படி மாற்றாதீர்கள். மற்ற இடங்களில் 'எது, யார்' என்று இணைக்கும் 'காரெ' போட்டு முழு வாக்கியமாக எழுதுங்கள்.